இந்தத் தேர்தலுக்கு வரமாட்டான்

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெரிக்,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, இதில் மாடும் தேர்தலும் தவிர வேறு ஒன்றும் இல்லை. சீக்கிரம் படித்துவிட்டுப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.

மக்காச்சோளம் பரவாயில்லை. ஆகஸ்டில் மழை ஏமாற்றிவிட்டாலும் ஓடையோரத்து வயல் தாக்குப்பிடித்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடு கொஞ்சம் நொண்டினால் கால்நடை மருத்துவரை அப்போதே கூப்பிடுகிற மனிதர், தான் நொண்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டகைக்குப் போய்விடுகிறார்.

மற்றபடி வீடு முழுக்கத் தேர்தல்தான். அந்த ஒரு விஷயத்தில் நீ தப்பித்தாய் என்று எழுத வந்தேன். எழுதக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் எழுதிவிட்டேன் பார். மாலைச் செய்தியில் நாளைக்கு மழை வருமா என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தால், இவர் நாட்டைக் கெடுப்பார், அவர் நாட்டை விற்பார் என்று வரிசையாகப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் வானிலைக்காரருக்கு ஒரு மூச்சு நேரம் தருகிறார்கள். அவரும் பாவம், ஓடிவந்து "மழை வரலாம்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார். விஸ்கான்சின்காரர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். அதனால்தான் எல்லாரும் இங்கே வந்து விழுகிறார்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் உன் சித்தி ஜெனீன், தன் வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை என்கிறாள். நம் தபால்பெட்டிக் கதவு மூடுவதில்லை. அந்தப் பளபளப்பு அட்டைகளைக் குளிருக்கு அடுப்பில் போடலாம் என்று அப்பா சேர்த்துவைத்தார். அதுவும் உருப்படியாக எரியமாட்டேன் என்கிறது. நீலமாகப் புகைந்து நாறுகிறது.

என் தொலைபேசிக்கு நேற்று ஒரு குறுஞ்செய்தி: "ஆர்டிஸ், எங்களைக் கைவிட்டுவிட்டீர்களா?" யாரென்றே தெரியாது. என் உடன்பிறந்தவள்கூட என்னை அப்படி உருகிக் கேட்டதில்லை. கருத்துக்கணிப்புக்காரர்கள் கூப்பிட்டால் அப்பாதான் பேசுகிறார். நாட்டின் பெரிய பிரச்சினை எது என்று ஒரு பெண் கேட்டாள். "கிடேரி ஒண்ணு வேலியத் தாண்டித் தாண்டிப் போகுதும்மா, அதுக்கு யாரு என்ன செய்யப் போறாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றார். அவள் சிரிக்கவில்லை. மற்றவை என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டாளாம்.

போன வாரச் சனிக்கிழமை நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்லூரியில் படிக்கிற பெண் போலிருந்தாள். கையில் பட்டியலோடு வாசலுக்கு வந்தாள். ரஸ்டி வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டு போனது. நம் நாய்க்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். அந்தப் பெண் பட்டியலைப் பார்த்து, "டெரிக் ஹல்வர்சன் இருக்காரா? அவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றாள்.

அப்பாதான் முன்னால் வந்து, "ஊர்ல இல்லம்மா" என்றார்.

"தேர்தலுக்குள்ள வந்துருவாரா?"

"இந்தத் தேர்தலுக்கு வரமாட்டான். அடுத்ததுக்கும் வரமாட்டான்."

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, முகம் சிவந்துபோயிற்று. அப்பா அவளுக்கு ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்து அனுப்பினார். யாருடைய ஆள் அவள் என்று நாங்கள் கேட்கவேயில்லை.

ஏப்ரலில் உன்னைப் பார்க்க வந்தபோது அப்பா உன் எதிரில் அழுதுவிட்டார். அதற்குப் பிறகு நீ எங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான் அதைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வரி எழுதிப் போடு, போதும். சாக்ஸ் கிழிந்திருந்தால் சொல்.

அன்புடன்,
அம்மா


அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெரிக்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரி டார்லா, உன் கையெழுத்து இருக்கிறதா என்று கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பெட்டியில் போடுகிறாளாம். "எல்லாம் ஓட்டுக் கேக்கறவங்கதான் ஆர்டிஸ்" என்று அவளே வருத்தப்பட்டுச் சொன்னாள்.

அறுவடை பாதி முடிந்தது. அப்பா ஒருவழியாக மருத்துவரிடம் போய்வந்தார். முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். டிராக்டரில் ஏறக்கூடாது என்றார்கள்; மறுநாளே ஏறினார்.

இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத நினைத்தேன். ஆனால் யாராவது உனக்குச் சொல்லித்தான் தீருவார்கள். என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

உன் வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஸ்டாட்லர் அதே பதவிக்கு மறுபடி தேர்தலில் நிற்கிறார். அவரை எதிர்த்து ஒரு இளம் வழக்கறிஞர் நிற்கிறாள். வியாழக்கிழமை தபாலில் ஸ்டாட்லருடைய அட்டை வந்தது. முன்பக்கம், ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கும் நம் நீல வண்டி. "குடித்துவிட்டு ஓட்டுபவர்களை நான் விடுவதில்லை" என்று மேலே பெரிய எழுத்து. உன் பெயர் இல்லை. மிட்ச்சின் பெயரும் இல்லை. எண் பலகையைக்கூட மறைத்திருக்கிறார்கள். ஆனால் பின்கதவில் நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒட்டிய பசு மாட்டுப் படம் அப்படியே தெரிகிறது. இந்த ஊரில் அந்தப் பசுவைத் தெரியாதவர்கள் யார்?

அட்டையை முதலில் பார்த்தது அப்பா. நான் போய்ப் பார்க்கும்போது கொட்டகையில் கறவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மாடுகூட உள்ளே இல்லை. அவர் மட்டும் அந்தச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். "ஓடட்டும் விடு" என்றார். மறுபடி போட்டேன். மாடுகளை நான்தான் ஓட்டிவந்தேன்.

டெரிக், நீ செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. தண்டனை நியாயம் என்று நீயே நீதிமன்றத்தில் சொன்னாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதை வழவழப்பாக அச்சடித்து, மளிகைக் கடை விளம்பரத்தோடு சேர்த்து வீட்டு வீட்டுக்குப் போடுவது தண்டனையில் சேர்த்தியா?

அன்றெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அந்த வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் அம்மாவுக்கும் இது போயிருக்கும். லோயிஸ் ப்ரெக்கே அவள் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்திருப்பாள். மிட்ச் எங்கே உயிரை விட்டான் என்று அவள் பார்க்க வேண்டாம் என்றுதான் அன்று ஷெரீஃப் அவளைச் சாலையிலேயே தடுத்து நிறுத்தினார். இப்போது அது அவள் கைக்கே வந்திருக்கும்.

தீர்ப்பு நாளுக்குப் பிறகு லோயிஸும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அவள் வரக்கூடும் என்றுதான் நான் இந்த ஊர்க் கடையை விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய் சாமான் வாங்குகிறேன். அவளும் அங்கேயே வாங்குகிறாள் என்று போன மாதம்தான் தெரிந்தது. என்னைத் தவிர்க்கத்தான் அவளும் அங்கே போகிறாள் போலிருக்கிறது. மாவு அடுக்குக்குப் பின்னால் அவள் தலையைப் பார்த்துவிட்டு சாமான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் நான் ஓட்டுப் போடப் போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல் விட்டதில்லை. நீ பிறப்பதற்கு முந்தின வாரம்கூட வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். போதும். இத்தனை மாதமாக எல்லாரும் கத்தினார்கள், கேட்டேன். கடைசியில் என் பிள்ளையையே எடுத்து என் முகத்தில் வீசினார்கள். அவர்கள் எப்படியோ போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே யாராவது அந்த அட்டையைக் காட்டினால் வாங்காதே.

அம்மா


நவம்பர் 7, வியாழக்கிழமை

அன்புள்ள மகனே,

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று உங்கள் தொலைக்காட்சியிலும் சொல்லியிருப்பார்கள். இன்று காலை ஒரு பெண் கூப்பிட்டு, வாக்களித்த அனுபவம் எப்படி இருந்தது, ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றாள். ஏப்ரலில் நீதிபதிக்கு ஒரு தேர்தல் இருக்கிறதாம், அதற்கும் நான் தயாரா என்றாள். நான் ரொட்டி கருகுகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆமாம், போய் ஓட்டுப் போட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா காலைக் கறவை முடித்து, முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தார். நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. உட்கார்ந்தே இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாவுக் கையோடு வெளியே போய், "நீங்க போய்ட்டு வாங்க, நான் வரல, சொல்லிட்டேனே" என்றேன்.

அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "டெரிக்கால போட முடியாது. மிட்ச்சால போட முடியாது. உன்னால முடியும். கையக் கழுவிட்டு வந்து ஏறு."

ஏறினேன்.

ஊர் மன்றத்துக்குள் நுழைந்தால் அதே ஈரக் காலணி வாசனை, அதே காபி. வாசலுக்கு எதிரே இரண்டு மேசை போட்டிருந்தார்கள். நம் பெயரின் எழுத்துக்கு முதல் மேசை. வரிசையில் மேசைக்குக் கிட்டே வந்த பிறகுதான் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு நாற்காலியில் ஆர்வில் கிழவர். இன்னொன்றில் லோயிஸ். இந்த வருஷம் அவளும் தேர்தல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. "போயிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. திரும்பி அவர்களைத் தாண்டிப் போவதை நினைத்தேன், முன்னால் இரண்டடி போவதை நினைத்தேன். இரண்டடி பக்கமாக இருந்தது.

லோயிஸ் நிமிர்ந்தாள். இளைத்துவிட்டாள், டெரிக். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "பேரும் விலாசமும் சொல்லுங்க" என்றாள்.

சட்டம் அப்படித்தான். எத்தனை வருஷப் பழக்கமாயிருந்தாலும் வாயால் சொன்னால்தான் எழுதலாம். நீயும் மிட்ச்சும் ஆள் மாற்றி ஆள் இரண்டு வீட்டுச் சமையலறையிலும் தின்று வளர்ந்தீர்கள். அவள் வாயால் எனக்கு "சொல்லுங்க". நான் வாயைத் திறந்தேன், ஹல்வர்சன் என்ற பெயர் வெளியே வரவில்லை. காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லும்மா, எனக்குக் காது மந்தம்" என்றார் ஆர்வில்.

சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. ஆர்டிஸ் ஹல்வர்சன், ஓடைப்பால சாலை. அந்தச் சாலையின் பெயரைச் சொன்னதும் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. ஓட்டுச் சீட்டை விழுங்கும் அந்த இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

லோயிஸ் அளவுகோலைப் பதிவேட்டில் கீழே கீழே நகர்த்தினாள். என் பெயருக்கு அடுத்து அப்பா பெயர். முன்பு நடுவில் நீ இருப்பாய்; தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டு இல்லை என்று எடுத்துவிட்டார்கள். அவள் விரல் அந்த இரண்டு பெயருக்கும் இடையில் நின்றது. தப்பாக நினைத்தேனோ என்னவோ, ஆனால் நின்றது. அவள் பிள்ளையின் பெயரும் அதே பதிவேட்டிலிருந்துதான் போயிருக்கிறது. இதே வேலைக்காக எல்லாப் பக்கத்தையும் அவள் காலையிலேயே புரட்டியிருப்பாள்.

பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "இங்க கையெழுத்து" என்றாள். என் கை நடுங்கியது, காகிதமும் சேர்ந்து ஆடியது. லோயிஸ் எட்டி, பக்கத்தின் ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் எழுதி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

மறைப்புக்குள் போனதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேலே இருந்த பெரிய பெயர்களுக்கு ஏதோ ஒரு முடிவோடு குறித்தேன். அது எனக்கும் அந்தப் பேனாவுக்கும்தான் தெரியும், அப்பாவுக்குக்கூட இல்லை. கீழே வந்தால் ஸ்டாட்லர். இத்தனை நாளும் கோபம்தான் என் கையைப் பிடித்து அவரை எதிர்த்து நிற்பவளின் வட்டத்தைக் கறுப்பாக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. அவர் உன்னிடம் நீதிமன்றத்தில் மரியாதையாகத்தான் பேசினார் என்று நினைவு வந்தது. அட்டையும் நினைவு வந்தது. பிறகு அந்த இளம் பெண்ணுக்குப் போட்டேன். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அவள் ஒன்றும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் தெரியும். ஸ்டாட்லர்தான் ஜெயித்தார், அதுவும் நல்ல வித்தியாசத்தில். அது தெரிந்தும் எனக்கு, போகாமலிருந்திருக்கலாமே என்று தோன்றவில்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தோம். அப்பா சாவியைத் திருகும்போது லோயிஸ் பக்கவாசல் வழியாக வந்தாள். மேல்கோட்டு இல்லை, மழை வேறு. என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன்.

"உள்ள இருக்கும்போது பேசக்கூடாது. இப்ப இடைவேளை" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த அட்டை உங்களுக்கும் வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கல, ஆர்டிஸ். நானே கூப்பிட்டுக் கேட்டா, அது எனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சாங்களாம். ஆறுதல்! கரண்டுக் கட்டண ரசீதுக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவுல எம்புள்ள செத்த இடம் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லோயிஸ், லோயிஸ் என்று இரண்டு தடவை பெயரை மட்டும் சொன்னேன்.

"அவன் எப்படி இருக்கான்?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. அப்பாதான் பதில் சொன்னார். "தெரியல லோயிஸ். ஏப்ரல்லேர்ந்து எங்களப் பாக்கமாட்டேங்கறான். கடிதாசும் போடறதில்ல."

லோயிஸ் முகம் மாறிவிட்டது. கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "எதுக்காம்? அவன் பெத்தவங்களப் பாக்காம இருந்தா எனக்கு என்ன வந்துடப் போகுது? எம்புள்ளயப் பாக்கணும்னா நான் கல்லறைக்குத்தான் போகணும். நீங்களும் அப்படி இருங்கன்னு நான் கேட்டேனா? யார் கேட்டா?" கண்ணாடி விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்துப்போயிருந்தது. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அந்த இடத்துக்கு நான் இன்னும் வரல. வருவேனான்னும் தெரியாது. ஆனா இது வேற."

உள்ளேயிருந்து ஆர்வில், "லோயிஸ், வரிசை வாசலைத் தாண்டிடுச்சு!" என்று கத்தினார். முகத்தைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள் என்று அப்பா சொல்கிறார். நான் பார்க்கவில்லை, எனக்கு எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாடுகளிடம் போனார், நான் மாவிடம். அது பொங்கி வழிந்து மேசையெல்லாம் கிடந்தது.

லோயிஸ் சொன்னதை உன்னிடம் சொல் என்று அவள் கேட்கவில்லை. சொல்லாதே என்றும் கேட்கவில்லை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். உனக்கு வயது வந்துவிட்டது.

என் சார்பில் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வருகிறது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுகிறார்களாம், விசாரித்துவிட்டேன். நீ சரி என்று சொன்னால்தான் எங்களை உள்ளே விடுவார்கள். சரி என்று சொல். அப்பா அழமாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நானும் அழுவேன். அதைப் பார்த்துக்கொண்டு நீ எங்கள் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

நீ நன்றாகத் தூங்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா
ஆர்டிஸ்

அப்பா இங்கே கீழே ஏதாவது எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நேரில் சொல்லிக்கொள்கிறாராம்.